வழியில நிக்காத வண்டி

உக்காருங்க அம்மிணி. அந்த பெஞ்சு ஆடும், இந்தப் பக்கம் வாங்க. கல்லுப்பள்ளத்துப் பள்ளிக்கூடத்துக்குத்தானுங்களே? பையையும் குடையையும் பாத்ததுமே நெனச்சேன். பஸ்சு இந்தச் செக்போஸ்ட்டோட சரிங்க. இனி மேல போகோணும்னா பால் வண்டிதான் வரோணும். அது வரும், அதுக்கொண்ணும் அவசரம் கெடையாது. சின்னராசு, அம்மிணிக்கு ஒரு டீ போடப்பா. சக்கரை கம்மியாப் போடு, டீச்சருங்க அப்படித்தான் குடிப்பாங்க.

லீவுல போன டீச்சருக்குப் பதிலா வர்றீங்க. அந்த டீச்சரு யாருன்னு உங்களுக்குச் சொன்னாங்களா? கோகிலவாணி. என்ற புள்ளைங்க. ஒரே புள்ளை. எம் பேரு அர்த்தநாரி. இங்கிருந்து கீழ போனா ஆத்துப் பாலத்துக்கு முன்னால மொத ஊரு நம்முளுது. நீங்க பஸ்சுல வரையில ரோட்டோரமா ஒரு ஓட்டு வீடு, முன்னால தகரக் கொட்டாய் போட்டது பாத்திருப்பீங்க. அந்தக் கொட்டாய் வண்டிக்காகவே போட்டதுங்க.

அதா, புளியமரத்தடியில நிக்குது பாருங்க. பச்சைத் தார்ப்பாய் போட்ட பிக்கப்பு. அதுதான் என்ற வண்டி. டயரைப் பாருங்க, பட்டன் பட்டனா மேடு தட்டி இருக்குதுங்களா? பட்டன் டயருன்னு பேரு. சேத்தைக் கடிச்சிட்டு ஏறும். இஞ்சினுக்கு அடியில இரும்புத் தகடு போட்டிருக்கறேன், பாறை தட்டுனாலும் ஒண்ணும் ஆவாது. அந்தக் கண்ணாடியோரமா மேல ஒரு குழாய் போகுது பாருங்க, அது இஞ்சினு மூச்சு இழுக்கற குழாய். பள்ளத்துல இடுப்பளவு தண்ணி வந்தாக்கூட உள்ள போகாது. முன்னால இரும்புக் கயிறு சுத்தி வெச்சிருக்கறேன். வண்டி எங்கயாச்சும் எறங்கிருச்சுன்னா மரத்துல கட்டி அதுவே தன்னை இழுத்துக்கும், யாரும் வந்து தள்ளோணும்னு அவசியமில்லை. இந்த மலையடிவாரத்துல இப்படி ஒரு வண்டி யாருகிட்டயும் கெடையாதுங்க. சின்னராசுவையே கேளுங்க. ஏப்பா, கெடையாதுதான?

சிரிக்கறான் பாருங்க. அவன் அப்படித்தான்.

நான் லாரிக்காரனுங்க அம்மிணி. சங்ககிரியில ஏறுனா கல்கத்தாவுலதான் எறங்குவேன். அத்தனை வருசத்துல என்ற வண்டி வழியில நின்னதுன்னு ஒரு பேச்சு வரலை. வழியில நின்ன வண்டியோட டிரைவரைப் பாத்திருக்கறீங்களா? போறவன் வாரவனெல்லாம் அவனுக்குப் புத்தி சொல்லுவான். சைக்கிள்ல போறவன்கூட எறங்கி நின்னு, "என்ன, டீசல் இல்லையா?"ம்பான். அந்த அவமானம் நமக்கு ஆவாதுங்க. அதனால கெளம்பறதுக்கு முந்தி எல்லாத்தையும் பாத்துருவேன். பாத்துட்டுத்தான் கெளம்புவேன். அதை ஒரு தப்புன்னு சொல்ல முடியுங்களா?

என்ற புள்ளைக்கு இந்த மலையிலதான் வேலை கெடச்சுது. மொதல்ல வாரா வாரம் வந்துட்டிருந்தா. அப்பறம் மாசத்துக்கு ஒருக்கா. அப்பறம் ஒரு நாள் வந்து, அங்கயே ஒருத்தரைக் கட்டிக்கறேன்னா. மாதேசன்னு பேரு. பால் சொசைட்டியில பால் அளக்கறவரு, ராகிக் காடு இருக்குது, நாலு மாடு இருக்குது. மலைக்காரங்க. நம்மாளுங்க இல்லை. நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. இன்னைக்கும் யாரு வேணும்னாலும் பாவாயியைக் கேக்கட்டும், பாவாயி என்ற சம்சாரம், நான் வாயைத் தொறந்தே இருக்க மாட்டேன். கல்யாணத்தும்போது நான் நாக்பூருல இருந்தேன். லோடு போயிருந்தேன். வண்டி ஓட்டறதை உட்டு ரண்டு வருசம் ஆயிருந்துச்சுங்க, ஆனா அந்த வாரம் பாருங்க, பழைய ஓனரு டிரைவரு இல்லைன்னு நின்னாரு. நான்தான் போன் பண்ணிக் கேட்டேன், ஏதாச்சும் லோடு இருக்குதான்னு. வேலைன்னு வந்துட்டா போகோணுமில்லீங்களா?

பாவாயி மட்டும் போயிட்டு வந்தா. வந்து, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுன்னா. நான் செரின்னேன்.

அப்பறம் புள்ளை உண்டாயிருக்கறான்னு தெரிஞ்சுது. எங்க பக்கம் வழக்கம் என்னன்னா அம்மிணி, ஏழாம் மாசமோ ஒம்பதாம் மாசமோ பொறந்த ஊட்டுக்காரங்க சோறாக்கிக் கட்டிக்கிட்டுப் போகோணும். கட்டுச்சோறும்பாங்க. புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, பலகாரம் எல்லாம். அங்க போயி, சொந்தக்காரங்க ஒறம்பரைக்கெல்லாம் சோறு போட்டு, புள்ளைக்கு வளையல் போட்டு, மொத பிரசவத்துக்கு நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தறோணும். பாவாயி சொன்னா, "பஸ்சுல இங்க வந்து, பால் வண்டியில மேல போயிட்டா ஒரே பொழுதுல போயிட்டு வந்தறலாம்"னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பொண்ணு குடுத்த ஊட்டுக்காரங்க, பால் கேனு மேல உக்காந்துட்டுப் போறதா? திரும்பி வரையில மாசமா இருக்கற புள்ளையை அதுல உக்கார வெக்கறதா? அந்த வண்டியை இன்னும் சித்த நேரத்துல நீங்களே பாக்கத்தான போறீங்க. டயருல மயிரளவு பட்டன் இருக்காது. கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பான். நான் என்ற புள்ளையை என்ற வண்டியில கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். அப்படி வாங்குனதுதான் இது.

பழைய வண்டிங்க. கோழிப் பண்ணையில ஓடுனது. இஞ்சினு நல்லா இருந்துச்சு, சத்தத்துலயே தெரியும். ஆனா கோழி நாத்தம், ஐயோ. சோப்புத் தண்ணி ஊத்துனேன். வேப்பந்தழை போட்டு மூடி வெச்சேன். பினாயில் ஊத்துனேன். பாடி பலகையவே கழட்டிப் போட்டுப் புதுப் பலகை அடிச்சேன். மாசமா இருக்கற புள்ளை, மலையில வளைவு வேற, அந்த நாத்தத்துல வாந்தி எடுத்தா என்னாவறது? ஏழாம் மாசம் அதுலயே போயிருச்சு. பாவாயி தெனமும் ஒருக்கா வந்து மோந்து பாத்துட்டு, "எனக்கொண்ணும் வீசலையே"ம்பா. பொம்பளைங்களுக்கு வண்டி நாத்தம் தெரியாதுங்க.

எட்டாம் மாசம் ஆடி. ஆடியில ஒண்ணும் பண்ண மாட்டோம். ஆனா வேலை நிக்கலை. ரபீக் பாயின்னு ஒரு மெக்கானிக்கு, கைராசிக்காரரு, அவரு பட்டறையிலயேதான் நான் கெடந்தேன். கிளட்ச்சு பிளேட்டு மாத்துனோம். பிரேக்கு ஷூ நாலும் மாத்துனோம். பின் பட்டையில, அதான் குலுக்கலைத் தாங்கற இரும்பு வில்லு, அதுல ரண்டு பட்டை சேத்துனோம். ரேடியேட்டரை எறக்கிக் கழுவுனோம். ஹோஸு, பெல்ட்டு, பில்டரு எல்லாம் புதுசு, அதுக்கு மேல ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு மாத்துக்கு எடுத்து சீட்டுக்கு அடியில வெச்சேன். ரபீக் பாயி ஒரு நாள் ஸ்பானரைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு, "அண்ணா, அந்தப் பால் வண்டி தெனம் போயிட்டு வருதே, அதுல என்ன இருக்குதுன்னு போகுது?" நான் சொன்னேன், "பாயி, அது நின்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. என்ற வண்டி நின்னா?"

நெனச்சுப் பாருங்க அம்மிணி. மலையேறிப் பாதியில வண்டி நின்னுருச்சுன்னு வெச்சுக்குவோம். யாரு வருவாங்க? மேல இருந்து அவிங்கதான் வரோணும். சம்பந்தி, சம்பந்தியோட அண்ணன் தம்பிங்க, அந்த மாதேசன், எல்லாரும் வந்து, "நீங்க உக்காருங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் பின்னால நின்னு தள்ளுவாங்க. நான் உள்ள ஸ்டேரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கோணும். மொத மொதல்ல அந்த ஊட்டு வாசலுக்கு நான் அப்படியா போயி நிக்கறது? அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க. நீங்களே சொல்லுங்க, எந்தத் தகப்பன் ஒத்துக்குவான்?

ஒரு நாள் ஓட்டிப் பாக்கலாம்னு கெளம்பி, இந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டி மொத வளைவு வரைக்கும் போனேன். ரபீக் பாயியும் இருந்தாரு. எடது பக்கம் முன் சக்கரத்துல ஒரு சத்தம். ட்ரிக், ட்ரிக்குன்னு. நிறுத்தி எறங்கிப் பாத்தோம். ரபீக் பாயி படுத்துப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கலைன்னாரு. திருப்பிக் கீழ கொண்டுக்கிட்டு வந்தேன். கீழ எறங்கையில சத்தம் வரலை, அதுதான் எனக்கும் புரியலை. பேரிங்கு மாத்துனோம். மறுக்கா போனேன், அதே வளைவுல அதே சத்தம். ரபீக் பாயி ஸ்பானரைத் தொடைச்சுப் பையில போட்டாரு. அப்பறம், "அண்ணா, இதுக்கு மேல இந்த வண்டியில கழட்டறதுக்கு ஒண்ணுமில்லை"ன்னாரு. காது மந்தமாயிருச்சு அவருக்கு, வயசாவுதில்ல.

ஆவணி பொறந்துச்சு. வளர்பிறையில நாள் குறிச்சாச்சு. பாவாயி புளி கரைக்கறதுக்குப் பானையெல்லாம் கழுவி வெச்சுட்டா. நானும் பின்னால பாடியில மெத்தை போட்டு, தலைக்கு ஒரு தலகாணி, கைக்குப் புடிச்சுக்க ஒரு கம்பி, எல்லாம் பண்ணி வெச்சேன். டயரு ஒண்ணுதான் பாக்கி. பழைய டயரு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஆவணியில மேல ஒரு மழை அடிச்சுதுன்னா அந்தச் செம்மண்ணுல ஏறாதுங்க. பட்டன் டயரு வேணும்னு சொல்லி வெச்சிருந்தேன். வந்துருச்சுன்னு டயருக் கடைக்காரன் போன் பண்ணுனான். அவனே ஆளனுப்பி, நாலு சக்கரத்தையும் கழட்டி எடுத்துட்டு டவுனுக்குப் போனான், மாட்டிக் கொண்டாறேன்னு. வண்டி கொட்டாயில கல்லு மேல நின்னுச்சு.

அன்னைக்குத்தான் மாதேசன் போனுல கூப்பிட்டாரு. மத்தியானம். நான் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். "மாமா, கோகிலாவுக்கு வலி வந்துருச்சு. நாளுக்கு முந்தியே வந்துருச்சு. ஆம்புலன்ஸு தூரத்துல இருக்குதாம். பால் வண்டியில செக்போஸ்ட்டு வரைக்கும் வந்துட்டோம், இங்க வண்டிக்குப் பின் பட்டை முறிஞ்சிருச்சு. உங்க வண்டியை எடுத்துட்டு வாங்க மாமா"ன்னாரு.

பாத்தீங்களா? பட்டை முறிஞ்சிருச்சு! நான் என்ன சொன்னேன்? அந்த வண்டி ஒரு நாளைக்கு வழியில நிக்கும்னு சொன்னனா இல்லையா? நின்னுச்சா இல்லையா? இதை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் ஒத்துக்கலைங்க. என்ற பொண்டாட்டியே ஒத்துக்கலை.

"இதோ வந்தறேன், ஒரு அரை மணி நேரம்"னு சொன்னேன். டயருக் கடைக்காரனைக் கூப்பிட்டேன், கெளம்பிட்டேன்னான். மறுபடி கூப்பிட்டேன், பாதியில இருக்கறேன்னான். பாவாயி பாத்துக்கிட்டே நின்னா. என்னைப் பாத்தா, கல்லு மேல நிக்கற வண்டியைப் பாத்தா. அடுப்பை அணைச்சா, ரண்டு பழைய சீலையை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போனா. தக்காளி டெம்போ ஒண்ணு வந்துச்சு, குறுக்கால நின்னு கையைக் காட்டி நிறுத்திட்டா. நான் கொட்டாயில இருந்து சத்தம் போட்டேன், "அதுல வேண்டாம்டி, குலுங்கும், இதோ சக்கரம் வந்துரும்"னு. அவ காதுல உழுந்துச்சா இல்லையான்னு தெரியலை. டெம்போவைத் திருப்பி மலைப்பக்கம் கூட்டிட்டுப் போயிட்டா.

சித்த நேரத்துல அந்த டெம்போ திரும்பி வந்து நம்ம ஊட்டைத் தாண்டிப் போச்சு. ஆரன் அடிச்சுட்டே போச்சு, நிக்கலை. அதுக்கப்பறம்தான் சக்கரம் வந்துச்சு. கடகடன்னு மாட்டுனேன். என்ற வாழ்க்கையில அத்தனை வேகமா நட்டு முடுக்குனதில்லை. வெரட்டிக்கிட்டுப் போனா, ஆத்துப் பாலத்துக்கு மேல டெம்போ நிக்குது. தக்காளிக் கூடையெல்லாம் ரோட்டுல எறக்கி வெச்சிருந்தாங்க. பாவாயியும் இன்னும் ரண்டு பொம்பளைங்களும் சீலையை மறைப்பாப் புடிச்சுட்டு நின்னாங்க. மாதேசன் இந்தப் பக்கம் திரும்பி, பாலத்துக் கைப்புடிச் சுவத்தைப் புடிச்சுட்டு அழுதுட்டிருந்தாரு. நான் ஓரங்கட்டி நிறுத்துனேன். எறங்கலீங்க. பொம்பளைங்க நிக்கற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை? கொழந்தை அழுவுற சத்தம் கேட்டுச்சு. என்ற வண்டி இஞ்சினு ஓடிட்டிருக்கையிலயே கேட்டுச்சு, அத்தனை கெட்டியான தொண்டை.

அப்பறம் டெம்போ ஆஸ்பத்திரிக்குக் கெளம்புச்சு. நான் பின்னாலயே போனேன். அது எங்கயாச்சும் நின்னுதுன்னா புள்ளையை இதுல மாத்திக்கலாம், மெத்தை இருக்குதேன்னு. அது நிக்கவே இல்லைங்க.

கோகிலாவுக்கு ரத்தம் ரொம்பப் போயிருச்சுன்னாங்க. ரண்டு நாள் கண்ணே தொறக்கலை. மலையில இருந்து மாதேசனோட ஆளுங்க வண்டி புடிச்சு வந்து வரிசையா நின்னு ரத்தம் குடுத்தாங்க. என்னைய யாரும் கேக்கலை. கேட்டாக் குடுத்திருப்பேன். நான் வெளிய வண்டியிலதான் இருந்தேன், அங்கயே தூங்குனேன், அங்கயே எந்திரிச்சேன். மாதேசன் டீ வாங்கிட்டு வந்து, "உள்ள வந்து பாத்துட்டுப் போங்க மாமா"ன்னாரு. வண்டியைப் பாத்துக்க ஆளில்லைன்னு சொன்னேன். "நான் நிக்கறேன், நீங்க போங்க"ன்னாரு. அவருக்கு இந்த வண்டியைப் பத்தி என்னங்க தெரியும்? யாராச்சும் எடுக்கச் சொன்னா, ரிவர்ஸு எப்படி உழும்னுகூடத் தெரியாது. டீயைக் குடிச்சுட்டு டம்ளரைக் குடுத்து அனுப்பிட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. உள்ள போயி அவ கண்ணைத் தொறக்காம கெடக்கறதைப் பாத்தா நான் தாங்க மாட்டேன்.

ஊட்டுக்கு அனுப்பற நாளன்னைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்துனேன். மெத்தைக்குப் புது உறை. வழக்கப்படி மொத பிரசவம் ஆனவ தாய் ஊட்டுக்குத்தான வரோணும்? அவ மெதுவா நடந்து வந்தா. சீலைத் துணியில சுத்தி பாவாயி கொழந்தையை வெச்சிருந்தா. என்ற புள்ளை வண்டியைச் சுத்திப் பாத்தா. டயரைப் பாத்தா, மேல போற குழாயைப் பாத்தா, மெத்தையைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம், "நல்ல வண்டிப்பா. பத்திரமா வெச்சுக்கங்க"ன்னா. சொல்லிட்டுப் போயி பால் வண்டியில ஏறிட்டா. பட்டையை மாத்திக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாங்க. மாதேசன் கதவைத் தொறந்து, அவளுக்குக் கை குடுத்து ஏத்துனாரு.

அவளே சொன்னா பாருங்க, நல்ல வண்டின்னு. லாரிக்காரன் புள்ளைங்க, அவளுக்குத் தெரியும்.

ஆனா பாவாயி பண்ணுனதுதான் எனக்கு ஆறலை. அவளும் அதுல ஏறிட்டாங்க. எங்கூட வருவான்னு பாத்தேன், கொழந்தையோட அதுல ஏறி உக்காந்துட்டா. நான் முன்னால போனேன், அவிங்க பின்னால வந்தாங்க. நம்ம ஊட்டுக்கிட்ட வந்ததும் நான் வண்டியைக் கொட்டாய்க்குள்ள உட்டு எறங்கி நின்னேன், ஆரத்தி எடுக்க பக்கத்து ஊட்டு அக்காகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். பால் வண்டி நேரா மலைக்குப் போயிருச்சு. அந்த அக்கா ஆரத்தித் தட்டோட நின்னா, நானும் நின்னேன். வழக்கத்தை மீறுனது யாரு? நானா? நான் ஊரு பூராவும் கேட்டுட்டேன். மாசம் ரண்டாச்சு, பாவாயி இன்னும் வரலை. சோறு நானே ஆக்கிக்கறேன். ஆக்கறதென்ன, ஒரு போசி சோறு வெச்சா ரண்டு வேளைக்கு ஆவுது.

என்னுங்க அம்மிணி? இப்பத்தான் வண்டி ரெடியாயிருச்சே, போயிட்டு வரலாமேங்கறீங்களா? போகத்தான் போறேன். தெனமும் காலையில கெளம்பி இங்க வந்தறேனே, போறதுக்குத்தான? இன்னைக்குப் பாருங்க, மேல மூடிக்கிட்டு நிக்குது. ஐப்பசி மழையில அந்தச் செம்மண்ணு எப்படி இருக்கும்னு நீங்க பாத்ததில்லை. பட்டன் டயருதான், இல்லைங்கலை. ஆனாலும் மழை உடட்டும். மழை உட்டு ரண்டு நாள் வெய்யிலடிச்சுதுன்னா மண்ணு இறுகிரும், அப்பறம் ஒரே மிதி.

அதா வந்துருச்சு, சத்தம் கேக்குதுங்களா? பால் வண்டிதான். இந்த மழையிலயும் வர்றான் பாருங்க. ஏறிக்கங்க. முன் சீட்டுல உக்காருங்க, டீச்சருன்னா எடம் குடுப்பான். டீக்கு நான் குடுத்துக்கறேன், நீங்க பையை எடுங்க.

அம்மிணி, ஒரு நிமிசம்.

மேல போனதும் என்ற புள்ளையைப் பாப்பீங்க. பள்ளிக்கூடச் சாவி அவகிட்டதான இருக்கும். நான் இங்க உக்காந்திருக்கறேன்னு சொல்ல வேண்டாம். பாவாயி எப்பவாச்சும் போன் பண்ணுனா, "சாப்பிட்டீங்களா?"ம்பா, சாப்பிட்டேன்னு சொல்லுவேன், அதோட வெச்சுருவா. ரண்டு மாசமாச்சு, இனிமே அவகிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா, "இது நாள் வரைக்கும் தெரியாதா?"ம்பா. சின்னராசுகிட்டக் கேட்டா ஊரே சிரிச்சுரும்.

பொம்பளைக் கொழந்தைன்னு தெரியும். பேரு என்ன வெச்சிருக்கறாங்கன்னு மட்டும், நீங்களாக் கேக்கற மாதிரி கேட்டுட்டு வாங்க. சனிக்கெழமை எறங்குவீங்கல்ல, நான் இங்கதான் இருப்பேன்.